ஊசியை நிறுத்தாதீர்கள் என்று எழுதிய கைக்கு

வேரையும் விதையையும் வினவி வினவி விடை தேடிய வித்தகரே! கசப்பான முடிவையும் கலப்படமின்றிச் சொன்ன கண்ணியம் மிக்கவரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் மூலிகை ஆய்வுக்கூடத்தை முன்னின்று நடத்தி, இன்று பணி நிறைவு பெறும் அன்பிற்குரிய அம்மா! தங்களை வாழ்த்த வந்தோம். வார்த்தை வருமுன் கண்ணீர் வந்து நிற்கிறது.

தாங்கள் வந்த நாளில் இங்கு இரண்டு மேசைகளும் ஒரு தராசும் கதவு சரியாக மூடாத உலர்த்தும் அறையும்தான் இருந்தன. நாவற்கொட்டையும் வெந்தயமும் பாகற்காயும் ஆவாரம்பூவும் அந்த அறைக்குள் போய்ப் பொடியாகி வெளியே வந்தன. நீரிழிவுக்கு எது உதவும், எவ்வளவு உதவும், எது வெறும் வாய்ப்பேச்சு என்று அறியத் தாங்கள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம். புதிதாகச் சேர்பவர் எவருக்கும் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லக் கொடுத்து, அடுத்துச் சர்க்கரையைத் தருவீர்கள். நாக்குக்கு அது மணலாகப் படும். அவர் திருதிருவென விழிக்கச் சிரித்துவிட்டு, "நாக்கத்தான் ஏமாத்துது. ரத்தத்துல என்ன செய்யுதுன்னு பாக்கத்தான் நமக்குச் சம்பளம்" என்பீர்கள்.

எட்டாம் ஆண்டில், அந்த இலைச்சாறு கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை இறங்கியது. செய்தித்தாள்காரர் வந்தார். எலிகளில் மட்டுமே பார்த்திருக்கிறோம், மனிதர்க்கு இன்னும் தெரியாது என்று மூன்று முறை அவரிடம் சொன்னீர்கள். மறுநாள் வந்த தலைப்போ, 'இனி ஊசி வேண்டாம்'. தாங்கள் அனுப்பிய மறுப்பு அச்சேறவே இல்லை.

அந்தத் தலைப்பை வெட்டித் தன் தையல் இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்தவர் தங்கள் தம்பி. எங்கள் எல்லோருக்கும் வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தவர். பதினான்கு வயது முதல் இன்சுலின் ஊசியால் உயிர் தரித்தவர். ஒரு வாரம் கழித்துச் சொல்லி அக்காவை மகிழ்விக்கலாம் என்று, வீட்டாருக்கும் தெரியாமல் ஊசியை நிறுத்தி இலைப்பொடிக்கு மாறினார். மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் மூச்சு இரைத்தது. அவர் மனைவியின் தொலைபேசி வந்தபோது தாங்கள் தராசின் முன் நின்றிருந்தீர்கள். "உன் இலைய நம்பாம வேற எத நம்புறது, அக்கா?" என்று அவர் மருத்துவமனையில் கேட்டதைப் பல ஆண்டுகள் கழித்தே எங்களிடம் சொன்னீர்கள். மறுநாள் முற்பகலில் அவர் கண்மூடினார்.

பதினேழாம் நாள் திரும்பி வந்தீர்கள். இலை மூட்டைகளை எரிக்கச் சொல்வீர்கள் என்றிருந்தோம். தாங்களோ மருத்துவர்களைச் சேர்த்து மனிதரிடம் சோதனை தொடங்கினீர்கள். மாத்திரையோ ஊசியோ எடுத்துவந்த நோயாளிகள் எவரும் அதை நிறுத்தக் கூடாது என்பது முதல் விதி. பாதிப் பேருக்கு இலை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று தங்களுக்கே தெரியாது. இரண்டாண்டுகளில் தெரிந்தது இதுதான்: சர்க்கரை கொஞ்சம் இறங்குகிறது, அதுவும் எல்லோருக்கும் இல்லை, இன்சுலினுக்கு அது மாற்றே இல்லை. இறங்குகிறது என்பதோடு அறிக்கையை நிறுத்திக்கொள்ளலாமே என்று அன்றைய இயக்குநர் கேட்டார். தாங்கள் சொன்ன பதில் அடுத்த அறைத் தட்டச்சர் காதில் இன்றும் நிற்கிறது.

"அப்படி எழுதுனா இன்னொரு வீட்ல ஊசிய நிறுத்துவாங்க சார். என் பேர வேணும்னா எடுத்துடுங்க."

முழு முடிவும் வெளியானது. பதவி உயர்வு ஆறாண்டு தள்ளிப்போனது. அதன்பின் புதன்தோறும், இலையை நம்பி மருந்தை விட்டவர்களின் கடிதங்களுக்குத் தங்கள் கைப்பட மறுமொழி எழுதினீர்கள். ஒவ்வொன்றின் முதல் வரியும் ஒன்றே: ஊசியை நிறுத்தாதீர்கள்.

இம்மடலை எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கியவர் எங்கள் கிடங்குக் காப்பாளர். தெம்புக்கு என்று தம்பி கேட்க, ஒரு புட்டி இலைப்பொடியை அள்ளிக் கொடுத்தவர் அவரே. தம்பி ஊசியை நிறுத்துவார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் நெஞ்சுக்குள் சுமந்ததைச் சென்ற மாதம்தான் தங்கள்முன் இறக்கிவைத்தார். தங்களுக்கு அது அன்றே தெரியும்; மருத்துவமனையில் தம்பியே சொல்லியிருந்தார். பிறகு ஏன் தம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று காப்பாளர் வினவினார்.

"கேட்டிருந்தா நீங்க வேலைய விட்டுப் போயிருப்பீங்க. எதுக்கு ரெண்டு பேர இழக்கணும்?" என்றீர்கள்.

கிடங்குப் படியில் இருவரும் அமர்ந்து அழுததை நாங்கள் தொலைவிலிருந்து பார்த்தோம். இதைச் சபையில் படிக்கலாமா என்று கேட்டபோது, படியுங்கள், கேட்பவரில் ஒருவராவது பிழைப்பார் என்று ஒப்புதல் தந்தவரும் தாங்களே.

முழங்கால் வலி தணிந்து, முழு உறக்கம் கூடி, மருந்து வேண்டாத முதுமை வாய்த்து, வேண்டியிருந்தால் வேளை தவறாமல் உட்கொண்டு, நிறைவாழ்வு வாழ நெஞ்சார வேண்டுகிறோம். தம்பியின் மனைவி, தம் நாத்தனாரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல முன்வரிசையில் காத்திருக்கிறார். போய் வாருங்கள், அம்மா.

தங்கள் பிரிவைத் தாங்கப் பழக வேண்டிய,
மூலிகை ஆய்வுக்கூடப் பணியாளர்கள்