பத்துல ஒருத்தன்

அந்தத் தாளைக் காட்ட மாட்டேன், அடோயோ. நீ இங்கயே உக்காந்து ஒப்பாரி வெச்சாலும் காட்ட மாட்டேன். பிள்ளை நெத்தியில கை வெச்சா அடுப்பாட்டம் சுடுது, இவ ரத்த ரிசல்ட்டு கேக்குறா! ஓடுண்டோவுக்கு போன் போட்டுட்டேன், பைக்கை எடுத்துட்டு வர்றான். கிசுமு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு.

என்னது? நாளைக்குச் சந்தையா? நல்லாருக்குடி உன் நியாயம். உன் மீனை நான் வித்துக் குடுக்குறேன், போதுமா?

ஆமா, அந்த ரத்த ஆராய்ச்சிக் கூட்டத்துல நானுந்தான் இருந்தேன். வீடு வீடாப் போயி பிள்ளைங்க விரல்ல குத்தி ரத்தம் எடுத்தவளே நாந்தானே. ஆராய்ச்சிக்கார டாக்டரம்மா சொன்னதை நம்ம பாஷையில உங்களுக்கு எடுத்துச் சொன்னவளும் நாந்தான். ரத்த அணு அரிவாளாட்டம் வளையுதே, அந்த அரிவாள் ரத்தம் தாய் வழியிலயோ தகப்பன் வழியிலயோ ஒரு பங்கு மட்டும் வந்த பிள்ளைக்கு, மலேரியா வந்தாலும் உசுரக் குடிக்கிற அளவுக்கு முத்துறது கம்மி. மத்த பிள்ளைங்க பத்துப் பேரு சாகக் கெடந்தா, இவங்கள்ல ஒருத்தன்தான். அவ்வளவுதான் சொன்னாங்க. நீங்க என்னடான்னா மறுநாளே கொசுவலையக் கழட்டி, ஏரிக்கரையில ஒமேனா மீன் காயப்போட விரிச்சிட்டீங்க. எம்பிள்ளைக்கு நல்ல ரத்தம்னு சந்தையில பீத்தல் வேற. தாளைப் பாத்தவ யாரு? ஒருத்தியும் இல்ல. அவளவளுக்கு அவளவ பிள்ளைதான் அந்த ரத்தம் வந்த பிள்ளை.

சிரிக்காத, எனக்குப் பத்திக்கிட்டு வருது. பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடு... ஐயோ, வாந்தி எடுக்குதே! எப்பலேருந்து? நேத்துலேருந்தா? அடிப் பாவி மகளே, இதையா இம்புட்டு நேரம் சொல்லாம இருந்த?

சரி, கேட்டுத் தொலை. உம்மவளுக்கு அந்த ரத்தம் இருக்கு. ஆமாண்டி, இருக்கு. பாத்தியா, இனி பயமில்லன்னு உக்காந்துட்ட! எந்திரி. இதுக்குத்தான் சொல்ல மாட்டேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

எம்மவன் ஓமுகாவுக்கும் இருந்துச்சு.

ஆமா. டாக்டரம்மா தாளை வெச்சுட்டுச் சாப்பிடப் போனாங்க, நான் திருட்டுத்தனமாப் பாத்துட்டேன். பேரு இருக்காது, நம்பருதான். எம்பிள்ளை நம்பரு எனக்குத் தெரியாதா? போன மழையில அவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, இவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கஞ்சியக் குடுத்துட்டு ஊரான் பிள்ளைக்கு ரத்தம் எடுக்கப் போயிட்டேன். ரெண்டு நாள். ஒரே பொழுதுல முத்திப்போச்சுன்னு ஊர் பூரா அழுதேனே, அது பொய். அவன் அப்பனுக்கே தெரியாது. இன்னிக்கு உங்கிட்டதான் வாயத் தொறக்குறேன்.

இல்ல, டாக்டரம்மா மேல தப்பு சொல்லாத. அவங்க கணக்கு சரிதான். அவன் சாவும் அந்தப் பத்துக்கு ஒண்ணுங்குற கணக்குல ஏறிடுச்சு. என் கையாலதான் எழுதுனேன்.

பைக் சத்தம் கேக்குது பாரு. பிள்ளைய எங்கிட்ட குடு, நீ மொதல்ல ஏறு.