ஃபேமிலி ஃப்ரெண்ட்லி

— மெதுவாயா. அவ தலைய இப்டி என் மடில வையி. எழுப்பிடாத.

— எங்க எழுந்துக்கப் போறா. சென்ட்ரல்ல ரயிலு ஏறுனதும் சாஞ்சவ தான். ஷைனிய நீ வச்சிக்க பிரின்சி, ஜோஷ்வா எங்கிட்ட இருக்கட்டும். இவனும் பாதி தூக்கத்துல தான் எறங்குனான்.

— சூலூர்பேட்டை வண்டி இன்னும் வரலியா?

— லேட்டுன்னு இப்பதான் மைக்குல சொன்னான். கும்மிடிப்பூண்டிலேந்து உங்க அம்மா ஊடு இன்னா அமெரிக்காவா, ரெண்டாவது ஸ்டேஷன் ஆரம்பாக்கம். குந்து, போலாம். ஆமா, நீ எப்ப வந்த?

— நான் அப்பவே வந்துட்டேன். ஊட்ல பொழுது போவல. பசங்கள இட்டுகினு போலாம்னு கெளம்பி வந்து, இதே பெஞ்சுல குந்திகினு இருக்கேன்.

— குந்திகினு இருந்தவளுக்கா இப்டி மூச்சி வாங்குது?

— கத்திரி வெயில்ல சும்மா குந்திகினு இருந்தாலும் வாங்கும். அத வுடு. காலைல இதே ஸ்டேஷன்ல உன் கைல குடுக்கும்போது ரெண்டும் எப்டி இருந்துதுங்க? இப்ப பாரு, மூஞ்சி எல்லாம் செவந்து, காது பின்னாடி அழுக்கு, இவ முட்டில செராய்ப்பு.

— கம்பெனில பீஸு செக் பண்ற மாரியே பாக்கறியே பிரின்சி.

— குவாலிட்டில வேல செய்யறவ அப்டித்தான் பாப்பேன். வியாழக்கிழம கோர்ட்டு கவுன்சிலிங் மேடம் கேப்பாங்க. அப்பாவ நம்பி பசங்கள அனுப்பலாமான்னு. நீ பாஸா ஃபெயிலான்னு நான் சொல்லணும்ல.

— அந்த மேடம் தான் எங்கிட்டயும் சொன்னாங்க, "லோகு, கொழந்தைங்களோட குவாலிட்டி டைம் ஸ்பெண்ட் பண்ணுங்க"ன்னு. நான் சொன்னேன், மேடம், குவாலிட்டி எங்க ஊட்டம்மா டிபார்ட்மெண்டு, நான் ரோலிங் மில்லு, புரொடக்‌ஷன் தான் தெரியும்னு.

— சிரிச்சாங்களா?

— எங்க சிரிச்சாங்க. எழுதிக்கினாங்க. ஃபேமிலி ஃப்ரெண்ட்லியா ஒரு எடத்துக்கு இட்டுகினு போங்கன்னாங்க. ஃபேமிலியே ஃப்ரெண்ட்லியா இல்ல, எடம் மட்டும் தனியா இன்னா பண்ணும்? அத்த நான் வாய் வுட்டுச் சொல்லல.

— நல்ல வேள. சரி, எங்க எங்க போனீங்க? ஒன்னு வுடாம சொல்லு.

— மொதல்ல சென்ட்ரல்ல எறங்கி மெட்ரோவுக்குப் போனோம். சும்மா சொல்லக் கூடாது பிரின்சி, அந்த நவுறுற படிக்கட்டு இருக்குதே, பழுக்கக் காஞ்ச கம்பி பக்கத்துல பாம்பு மாரி ஓடுறப்போ பயப்படாதவன், அதுல கால வைக்க மாட்டாம நின்னுட்டேன். ஷைனி தான் கையப் புட்ச்சி, "அப்பா கீழ பாக்காத, ஏறு"ன்னா.

— அப்புறம் எக்மோர் மியூசியம்.

— இல்ல. அப்புறம் எக்மோர்ல எறங்கணும். எறங்க மாட்டேன்ட்டாங்க. ஏசிப்பா, ஏசிப்பான்னு அப்டியே ஏர்போர்ட்டு வரைக்கும் போய்ட்டு, அங்க போயி ஏரோப்ளேனு கூட பாக்காம, திரும்பி வந்தோம். உலகம் பூரா அந்த மியூசியத்த பாக்க வருதாம். இதுங்களுக்கு ரயில்ல வர காத்து போதும்.

— கடசில பாத்தீங்களா இல்லியா?

— பாத்தோம். திமிங்கலத்தோட எலும்புக்கூடு ஒன்னு வச்சிகினு இருக்கான், நம்ம ஊட்ட விடப் பெருசு. ஷைனி ரொம்ப நேரம் பாத்துட்டுக் கேக்கறா, "அப்பா, இது சாப்டாம அடம் புட்ச்சி இளச்சிப் போச்சா?"

— நான் சோறு ஊட்டும்போது சொல்றது. அத்த அங்க போயி சொல்லியிருக்கா.

— ஜோஷ்வா கத்தி, துப்பாக்கி, பழைய காசுன்னு ஓடிகினு இருந்தான். வெளிய வந்து மரத்தடில குந்தி நாஷ்டா துண்ணோம்.

— துண்ணுட்டு தண்ணி பாட்டில பெஞ்சு மேலயே வச்சிட்டு எழுந்து போய்ட்ட. வெயில் காலத்துல புள்ளைங்கள வச்சிகினு, ரொப்பி வச்ச பாட்டில எவனாவது வுட்டுட்டுப் போவானா?

— பாட்டில வுட்டத நான் சொல்லவே இல்லியே.

— கைல பை இருக்குது, பையில பாட்டில் இல்ல. வேற எங்க வுட்டிருப்ப?

— சரி தான். குவாலிட்டி. யாராவது தாகத்துல இருக்கறவங்க குடிச்சிருப்பாங்க, வுடு.

— உனக்கு எல்லாம் "வுடு" தான். அப்புறம்?

— அப்புறம் பீச்சுக்குப் போலாம்னு வெளிய வந்து திரும்ப மெட்ரோவுல எறங்குனா, அங்க ஒரே பேஜாரு. ஒரு பொம்பளய செக்யூரிட்டி புட்ச்சி ஓரமா நிக்க வச்சிகினு இருந்தான். மூஞ்சிய ஷாலால சுத்திகினு, கண்ணு மட்டும் தெரியுது. புள்ள புடிக்கறவளாம். காலைலேந்து யாரோ ரெண்டு புள்ளைங்க பின்னாடியே வந்துகினு இருக்கறாளாம், தூணு மறவுல நிக்கறாளாம், கேமராவுல பாத்துட்டானாம்.

— வெயிலுக்கு ஷால் சுத்திக்கறது ஒரு குத்தமா? இன்னைக்கு எந்தப் பொம்பள மூஞ்சியக் காட்டிகினு ரோட்ல போறா?

— நானும் அத்தத்தான் நெனச்சேன். அந்தம்மா பாவம், வாயத் தொறந்து ஒன்னும் சொல்ல மாட்டுது. கைய மட்டும் கும்புடுது.

— சொல்ல முடியாம எதனா இருக்கும். எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட முடியுமா?

— முடியாது தான்.

— அப்புறம் எப்டி வுட்டாங்களாம்?

— தெரியல. எங்க ரயிலு வந்துடுச்சி. யாரோ ஒரு ஆளு போயி, தெரிஞ்சவங்க தான் சார், வுட்டுடுங்கன்னு சொன்னாராம்.

— யாரு?

— யாரோ. சென்னைல நல்லவங்க இல்லாமலா போய்ட்டாங்க. இன்னா பிரின்சி, இப்டி பாக்கற?

— ஒன்னுமில்ல. பீச்ச சொல்லு.

— பீச்சுல இன்னா இருக்குது. தண்ணி, மணலு, சுண்டலு.

— பீச்சுல இன்னா நடந்துதுன்னு கேட்டேன்.

— ஜோஷ்வாவ முட்டி வரைக்கும் தான் எறங்க வுட்டேன். நான் பக்கத்துலயே தான் நின்னேன். ஷைனி கண்ணுல மணலு பட்டுடுச்சின்னு அழுதா. குனிஞ்சி ஊதுனேன். அவ்ளோ நேரம் தான் பிரின்சி. அதுக்குள்ள ஒரு அல வந்து அவன சாச்சிட்டுது. எனக்குத் தெரியல. என் முதுகு அந்தப் பக்கம்.

— ம்.

— பின்னாலேந்து ஒரு பொம்பள கத்துச்சி, "டேய் ஜோஷ்வா"ன்னு. வயித்துலேந்து வந்த சத்தம். திரும்புனேன், இவன் காலு தெரியுது, தல தெரியல. தண்ணி உள்ள இழுத்துகினு போவுது. பாஞ்சி முடியப் புட்ச்சி இழுத்தேன். எழுந்து நின்னு இவன் சிரிக்கறான், செமயா இருந்துதுப்பா, இன்னொரு வாட்டின்றான். நான் தான் அவனக் கட்டிப் புட்ச்சிகினு மணல்லயே குந்திட்டேன்.

— பாத்... பாவம்.

— அந்தம்மாவத் தேடுனேன். கையெடுத்துக் கும்புடலாம்னு. சுத்தி அவ்ளோ கூட்டம். காணல.

— கும்புட்றதுக்கு இன்னா இருக்குது. யாரா இருந்தாலும் கத்துவாங்க.

— கத்துவாங்க. பேரச் சொல்லி கத்துவாங்களா?

— சென்னைல ஜோஷ்வா தெருவுக்கு நாலு பேரு இருப்பான். அவங்க புள்ளைய கூப்ட்டிருப்பாங்க.

— அப்டித்தான் இருக்கும். உன் சுடிதார் காலு இன்னா ஈரமா இருக்குது?

— இங்க கொழாயில கால் கழுவுனேன்.

— முட்டி வரைக்கும் கழுவியிருக்க.

— ஏன்யா, பையன தண்ணில வுட்டவன் நீ, கேள்வி கேக்கறது என்னியா? இதயும் மேடம் கிட்ட சொல்வேன்.

— சொல்லு. சொல்லாம இருக்கச் சொல்லல.

— நீ மறச்சிடுவன்னு நெனச்சேன்.

— எத்த?

— இல்ல, இந்த மாரி எதனா நடந்தா நீ மறச்சிடுவன்னு. மில்லுல கை சுட்டுகினப்போ ஒரு வாரம் மறச்சவன் தான நீ.

— அது என் கையி. இவன் உன் புள்ள.

— உன் புள்ள இல்லியா?

— மேடம் வியாழக்கிழம சொல்வாங்க, அப்புறம் தெரியும்.

— இந்த நக்கலுக்கு ஒன்னும் கொறச்சல் இல்ல. போன வருசம் மே மாசம் இதே பிளாட்பாரத்துல நான் நின்னேன்யா. ரெண்டுத்துக்கும் புதுத் துணி போட்டு, லெமன் சாதம் கட்டிகினு, சென்னைக்கு டிக்கெட்டும் எடுத்துகினு. போன் பண்ணி இன்னா சொன்ன?

— ஷிப்ட்டு மாத்தி வுட ரிலீவர் வரல, டபுள் டூட்டி பாத்துட்டு வரேன்னேன்.

— வருசா வருசம் அதே. ஒன்னு ரிலீவர் வர மாட்டான், இல்ல மிஷினு நின்னுடும். மியூசியம், மெட்ரோ, பீச்சு எல்லாம் போன்ல பாத்து வச்சி, எந்த எடம் ஞாயித்துக்கெழம தொறந்திருக்கும்னு கூட எனக்கு மனப்பாடம்.

— நீயும் தான சென்னை வண்டில ஏறாம, எதிர் பிளாட்பாரத்துக்குப் போயி உங்க அம்மா ஊட்டு வண்டில ஏறிட்ட. ஒரு வருசமாச்சி. நீ இன்னும் அந்த வண்டிலேந்து எறங்கல.

— எறங்க ஒரு எடம் காட்டுனியா நீ?

— இன்னைக்கு நீயும் வந்திருக்கலாம்.

— கூப்ட்டியா?

— கூப்ட்டா வந்திருப்பியா?

— மாட்டேன்.

— அதான் கூப்பிடல.

— நல்லா பேசற. ஒன்னு கேக்கறேன், உண்மைய சொல்லு. நாள் பூரா சுத்துனீங்களே, ஒரு வாட்டியாவது இந்தப் புள்ளைங்க அம்மா எங்கன்னு கேட்டுதுங்களா?

— கேக்கல.

— ரெண்டும்?

— ரெண்டும் கேக்கல பிரின்சி. பொய் சொல்ல மாட்டேன்.

— கேக்கலியா. ஷைனி கூடவா? ராத்திரில என் காத புட்ச்சிகினு தூங்குறவ அவ. நான் பாத்ரூம் போனா கதவண்ட வந்து நிக்கறவ. ஏசி ரயிலு, நவுறுற படி, சுண்டலு கெடச்சதும் அம்மான்னு ஒருத்தி இருக்கறதே மறந்து போச்சி. திரும்பிக்கூட பாக்கலயா அவ?

— திரும்பிப் பாக்கணும்னா பின்னாடி யாராவது இருக்கணுமே.

— எதுக்கெடுத்தாலும் ஒரு பதிலு வச்சிகினு இரு.

— அழாத பிரின்சி. பக்கத்து பெஞ்சுல பாக்கறாங்க.

— நான் ஒன்னும் அழல. கண்ணுல மணலு.

— இந்த ஸ்டேஷன்ல ஏது மணலு?

— வாய மூடு. நல்லதுக்குத் தான் ஆச்சி. நானும் தெரிஞ்சிக்கணும்ல. நான் இல்லாமயே இதுங்க சந்தோசமாத் தான் இருக்கும். மேடம் கிட்ட சொல்லிடறேன். மாசம் ஒரு நாளு இல்ல, வாரா வாரம் இட்டுகினு போவட்டும். நீ பாஸு. போ.

— இப்டி ஒரு பாஸு எனக்கு வேணாம்.

— வேணாம்னா?

— எனக்கு வாரத்துல ஒரு நாளு புள்ளைங்க வேணாம். எனக்கு... அத்த இன்னொரு நாளு சொல்றேன். வண்டி வருது பாரு, லைட்டு தெரியுது. ஜோஷ்வா, எழுந்திருடா, டேய். ஷைனிய எழுப்பு.

— ஷைனி, கண்ணு, எழுந்துக்க. வண்டி வந்துடுச்சி, செருப்பப் போடு. அப்பாக்கு டாட்டா சொல்லு.

— அப்பா, ஆட்டம் முடிஞ்சிடுச்சா?

— இன்னா ஆட்டம்? இன்னாயா சொல்றா இவ?

— தூக்கத்துல ஒளறுது புள்ள. நீ மொதல்ல வண்டில ஏறு பிரின்சி, கூட்டமா வருது.

— ஒளறல. அண்ணன் தான் ரெண்டு வாட்டி உன்னத் திரும்பிப் பாத்து அவுட்டாயிட்டான்மா, நான் காலைலேந்து ஒரு வாட்டி கூட திரும்பல, அழுவ வந்தப்போ கூட திரும்பல.