நூத்துல ரெண்டு பங்கு

நீங்களே சொல்லுங்கண்ணே, இது அடுக்குமா? இல்ல இல்ல, நீங்க ஏணி மேலயே இருந்து ஏசியைப் பாருங்க, காதை மட்டும் இங்க குடுங்க. காலையில லிஃப்ட்டை சரி பண்ணீங்க, இந்த எட்டாவது மாடியே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நான் எவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்கேன், எங்க கொட்டாவி வாயிலேருந்து ஒரு 'பரவாயில்ல' வருதா? பக்கத்து சீட்டு சீனியர்தான்ணே... எந்நேரமும் கொட்டாவி. "இத்தனூண்டு சிப்புல இது அடங்காதும்மா"ன்னு மூணு மாசமா ஒரே பாட்டு. அடங்கிடுச்சே!

என்ன சிப்பா? காது மந்தமானவங்க மாட்டிக்கிற மிஷினுக்கு. இரைச்சலை ஒதுக்கிட்டுப் பேச்சை மட்டும் எடுக்கணும். நான் கணக்கை ப்ரோகிராமா எழுதிக் குடுப்பேன், சாஃப்ட்வேர் அதை சர்க்யூட்டா மாத்தும். ஆனா குண்டு குண்டா மாத்தும்ணே! அதை இளைக்க வைக்கிறதுதான் என் பொழப்பு. பெருக்கல் போடுற சர்க்யூட் ஒண்ணுதான், நாலு கணக்கும் முறை வச்சு உள்ள போகணும்... எங்க வீட்டு பாத்ரூம் மாதிரி. அதுல எங்க மாமனார் நுழைஞ்சாருன்னா... சரி, அது கிடக்கட்டும்.

நேத்து வரைக்கும் சிப்பைத் தாண்டி வழிஞ்சதுண்ணே. இன்னைக்கு ஓட்டிப் பாக்குறேன், நூத்துல ரெண்டு பங்கு இடம்தான்! எனக்குத் தலகால் புரியல! உடனே பாஸுக்கு மெயில் தட்டிட்டேன். நாலு மணிக்கு கஸ்டமரையே கூட்டிட்டு வர்றார். ஓகே ஆச்சுன்னா அடுத்த சிப்புக்கு நான்தான் லீடு! அதுக்கு இந்தக் கொட்டாவி, "வார்னிங் எல்லாம் படிச்சியாம்மா?"ங்குறார். வயித்தெரிச்சல்! அந்த சாஃப்ட்வேர் நானூறு வார்னிங் காட்டுதுண்ணே, நச்சு நச்சுன்னு... நான்தான் மொத்தத்தையும் ஆஃப் பண்ணி வச்சேன்.

என்னண்ணே கேட்டீங்க? சத்தம் எது வழியா வெளிய வருதா? நல்லா கேட்டீங்க போங்க! இதோ, இந்த வரி... இந்த... இருங்க. ஐயையோ! விடையை வெளிய அனுப்புற வரியை நேத்து ஒரு சோதனைக்காக எடுத்தேன், திரும்பப் போடவே இல்ல! விடை யாருக்கும் போகலன்னா இந்த சாஃப்ட்வேர், எதுக்கு வெட்டி வேலைன்னு மொத்த கணக்கையும் தூக்கி எறிஞ்சிடும்ணே! இப்ப மிச்சம் இருக்குறது, மிஷின் ஆன்ல இருக்குன்னு காட்டுற சின்ன லைட்டு. லைட்டு மட்டும்தான்!

சிரிக்காதீங்கண்ணே... எனக்கே சிரிப்பு தாங்கல. மணி என்ன? மூணு அம்பத்தஞ்சா! பாஸ் கீழ வந்திருப்பாரே! அண்ணே... அந்த லிஃப்ட்டை ஒரு அரை மணி நேரத்துக்கு மட்டும், காலையில இருந்த மாதிரியே ஆக்கிக் குடுங்களேன்!

அண்ணே! ஏணியை விட்டுட்டு எங்கண்ணே ஓடுறீங்க? லிஃப்ட் இந்தப் பக்கம்ணே!