கை கழுவுகிற லாரி

என் பெயர் சுந்தரமூர்த்தி, வயது 46, த/பெ கன்னியப்பன். பேரணாம்பட்டில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் இருபது வருடமாகத் தோல் ஊறும் டிரம் ஓட்டுகிறேன். கேலி பேசுகிறவன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

12.3.1998 வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் திராவக டேங்கர் லாரி வந்தது. பின்பக்கம் ஒரு கைமேல் சொட்டு விழுவதுபோல் படம் ஒட்டியிருந்தது. நான் டிரைவர் அதாவுல்லாவிடம், "இன்னா பாய், லாரிக்குக் கை ஜோசியமா?" என்று கேட்டேன். அவர், "மேல பட்டா கறியைத் தின்னுடும்யா, அதுக்குத்தான் படம்" என்று சொல்லிவிட்டு, சீட்டுக் கொடுக்க ஆபீசுக்குள் போனார்.

அதன் பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் தனகோடி, வயது 30, கை முழுக்கச் சுண்ணாம்போடு அங்கே வந்தான். காவேரிப்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்து ஒன்பது நாள்தான். எழுத்து தெரியாது. ஷாப்புக்குத் தண்ணீரும் டேங்கர் லாரியில்தான் வரும். அவன் படத்தைக் காட்டி, "இன்னாண்ணே இது?" என்றான். "கை கழுவுற லாரிடா. படமே போட்டுக்கீறான், அப்புறம் இன்னா? குழாயைத் தொற" என்றேன். திருகப் போகும்போது தடுத்துச் சிரிக்கலாம் என்றிருந்தேன். கூட வேலை செய்யும் ஷபீ அஹமதும் பார்க்கட்டும் என்று அவரைக் கூப்பிடத் திரும்பினேன்.

மறுபடி பார்த்தபோது தனகோடி குழாயைத் திறந்து இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு பொங்கிப் புகைந்தது. "அண்ணே, தண்ணி சுடுது" என்றான். ஷபீ அஹமது சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் அவன் கத்தினான். அதன் பிறகு நாங்கள் அவன் கையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியதில் தோல் தனியே மிதந்தது. தோல் கழல்வது எனக்குப் புதிதல்ல.

ஆஸ்பத்திரியில் தனகோடி கொடுத்த வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். "அண்ணனுக்கும் அந்தப் படம் தெரியாது, அவர் மேல் தப்பில்லை" என்று அதில் இருக்கிறது. அடியில் ரேகை பெரிதாக இருந்தது. கேட்டதற்கு, கையில் ரேகை எடுக்கத் தோல் இல்லாததால் கால் கட்டைவிரலில் எடுத்ததாக ஐயா சொன்னார். "கையெழுத்து காலெழுத்தா போச்சா" என்று என் வாய் வழக்கம்போல் சொல்லிவிட்டது. ஐயா சிரிக்கவில்லை.

தனகோடி சொன்னது சரியல்ல. படத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். எழுதியதைப் படிக்கக் கேட்டேன்; நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. என் கையாலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) க. சுந்தரமூர்த்தி