ரயிலில் போட்ட பின்னல்

ஜூலை 14, திங்கட்கிழமை, காலை 6.10. தூறல். கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே, கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"இன்னாடி, இம்மாம் முடியையும் வெட்டிக்கினு வந்துக்கிற?" என்றாள் பெரியவள்.

"ஈரத்தோட ஒருதபா கோதிவுட்டா போதும்க்கா. டிரையரும் வேணாம், பின்னலும் வேணாம்."

"அதான் தெனம் நான் இங்க பின்னிவுடுறேனே?"

"நாளைலேர்ந்து உனுக்கு நைட் ஷிப்டு. அப்பால எனுக்கு யாருக்கா பின்னுவா?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்டியே உக்காரு. இன்னிக்கு உனுக்கு நான் பின்றேன்."

சின்னவள் பெரியவளின் ஈரக் கூந்தலை மூன்றாகப் பிரித்தாள். நுனியில் ரப்பர் பேண்ட் போடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இறங்க வேண்டிய பொன்னேரி போய்விட்டது. ஏன் தாமதம் என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. திரும்பி வர டிக்கெட் ஐந்து ரூபாய்.