மாதம் முன்னால், தேதி பின்னால்

ஓடுகிற சாமானை மாற்றக் கூடாது என்பது என் கொள்கை. அதனால்தான் இந்த மின்விசிறி இப்படிச் சத்தம் போடுகிறது. உட்காருங்கள் பரிதி தம்பி, அந்த நாற்காலி ஆடாது.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிற நேரத்தில், பூவிழி வேண்டாம் என்கிறார்கள் உங்கள் அம்மா. ஏன் என்று கேட்டால் அழுகிறார்கள். கடைசியில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

திருவிடைமருதூரில் முதன்முதலில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டவன் நான். விண்டோஸ் தொண்ணூற்றெட்டு காலத்து சாஃப்ட்வேர். செய்துகொடுத்தவர் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார். இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் ராமச்சந்திரன் கடைப் பொருத்தம் என்றால் ஒரு மதிப்பு. பிறகு ஒரு ஐப்பசி இடியில் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. புதியதில் சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. எப்படியோ திறந்தால் கட்டம் முழுக்கக் கேள்விக்குறி. கும்பகோணத்து மெக்கானிக் பார்த்துவிட்டு, தூக்கிப் போடுங்க சார் என்றான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அப்போது கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பூவிழிதான் அதை ஓட வைத்தாள். இது இன்னும் பழைய விண்டோஸ்தான் என்று சாஃப்ட்வேரை நம்பவைக்க ஒரு வழி இருக்கிறதாம். பழைய எழுத்துருவையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்தாள். அப்டேட் வரும்போதெல்லாம் அது மறுபடி படுத்துக்கொள்ளும், அவள் மறுபடி எழுப்புவாள். எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு ஏறவில்லை. அவள் இல்லாவிட்டால் கடை இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. அவளை என் மகளாகவே நினைத்தேன்.

அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் அப்பா வீரையன் ஒருநாள் வந்தார். நாற்று பறித்து வளர்ந்த மனிதர். அவர்கள் வீட்டில் யாருக்கும் ஜாதகம் எழுதியதில்லை. படித்த மாப்பிள்ளை வீட்டார் இப்போது கேட்கிறார்கள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சார். தன் பொருத்தத்தத் தானே பாத்தா விளங்காதும்பாங்க."

நம் பக்கத்து வழக்கம் அது. பூவிழி எழுந்து வெளியே போய் நின்றாள். நான் உட்கார்ந்து அவள் பிறந்த ஆகஸ்ட் ஐந்தை, ஐந்து, எட்டு என்று எண்ணில் அடித்தேன். செவ்வாய் தோஷம் என்று வந்தது. மாப்பிள்ளைக்கு இல்லை. பொருந்தவில்லை என்று வாசித்தேன். வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வேறு யாருக்கோ ஜாதகம் போடும்போது பூவிழி சொன்னாள்.

"சார், அப்டேட்டுல தேதி அமைப்பு மாறிக் கெடந்துச்சு. மாசம் முன்னாடி, தேதி பின்னாடி. இப்பச் சரி பண்ணிட்டேன்."

அதாவது ஆகஸ்ட் ஐந்தில் பிறந்தவளை மே எட்டில் பிறந்தவளாக சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு ஒரு தோஷமும் இல்லை. அப்போதே நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. வீரையன் பிள்ளையை அப்படி வளர்த்திருக்கிறார்.

அடுத்த வரன் வந்தபோது அந்த அமைப்பை நானே மாற்றினேன். கம்ப்யூட்டரில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். வரன் போனதும் திருப்பி வைத்துவிடுவேன். ஊராருக்குப் போட்ட ஜாதகம் ஒன்றுகூடத் தப்பில்லை. தொழில் சுத்தம் முக்கியம்.

பேராவூரணி தென்னந்தோப்புக்காரப் பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அது தட்டிப்போனபின் சில நாள் வேலைக்கு வரவில்லை. வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, படுத்திருந்த சாஃப்ட்வேரை எழுப்பிக் கொடுத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தோஷம் கழிய வீரையன் செவ்வாய்தோறும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனார். அவருக்குப் பஸ் நேரம் விசாரித்துச் சொன்னது நான்தான். அவள் கூடப்படித்த பெண்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு கடைக்கு வருவார்கள். பூவிழி அந்தப் பிள்ளைகளுக்கு ஜாதகம் போட்டுக் கொடுப்பாள்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். திருவையாற்றில் உங்கள் அப்பா நெடுஞ்செழியன் ஜாதகமே பார்க்கமாட்டார் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மயக்கம் வராத குறை. பகுத்தறிவு நல்லதுதான், அடுத்தவன் பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

உங்கள் அம்மா செந்தாமரை திருபுவனத்தில் பட்டு எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இங்கே வந்தார்கள், தம்பி. பூவிழி சாப்பிடப் போயிருந்த நேரம். பட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "அவருக்கும் பையனுக்கும் தெரிய வேணாங்க. பெத்த மனசு கேக்கல, ஒரு தடவ பாத்துருங்க" என்றார்கள். எனக்கு அவர்கள் மேல் பிரியமே வந்துவிட்டது.

இதில் என் பக்கம் ஒன்று இருக்கிறது, கேளுங்கள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை. திரையில் வந்ததைத்தான் வாசித்தேன். பொருந்தவில்லை என்று சொன்னது கம்ப்யூட்டர். தேதியை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பது அதன் பாடு. வீரையன் நாளைக்கே வந்து என் சட்டையைப் பிடித்தாலும் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் விஷயத்தில்தான் சின்ன இடைஞ்சல். அமைப்பை மாற்றினேன். பூவிழி வழக்கம்போல மே எட்டில் பிறந்தாள். மார்ச் நான்கில் பிறந்த நீங்களும் ஏப்ரல் மூன்றுக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்கும் செவ்வாய் தோஷம் வந்துவிட்டது. தோஷத்துக்குத் தோஷம் சரியாகிவிடும், பேஷாகப் பொருந்துகிறது என்று வந்தது. சரி என்று அமைப்பைத் திருப்பி, உள்ளபடியே போட்டுப் பார்த்தேன். அப்போதும் பேஷாகத்தான் பொருந்தியது. என் அனுபவத்தில் இப்படி ஒரு ஜோடியை நான் பார்த்ததில்லை.

உங்கள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை என் பக்கம் இருந்தது. கட்டினால் பிள்ளை உயிருக்கு ஆகாது என்றேன்.

அதைக் கம்ப்யூட்டர்தான் சொன்னது என்றும் சொன்னேன். அவர்கள் பட்டுப் பையை இங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்கள், எடுத்துக்கொண்டு போங்கள். பூவிழியிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. நேற்று வந்த அப்டேட்டில் சாஃப்ட்வேர் மறுபடி படுத்துவிட்டது. சொல்வதற்கு முன்னால் அதை மட்டும் ஒருதரம் எழுப்பித் தந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மகள் மாதிரி இருந்தவள், எனக்காக இதுகூடச் செய்யமாட்டாளா?