சந்தின் குறுக்கே மூட்டைகள்

மணல் மூட்டையை வாய்வரை நிரப்பக் கூடாது சார். பாதிக்குச் சற்று மேல் போதும். அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காரும். நீங்கள் தமிழ் தெரிந்தவராக அமைந்தது நல்லதாயிற்று. இதையெல்லாம் இந்தியில் நிதானமாகச் சொல்ல எனக்கு வராது.

தில்லியில், இந்த முனிர்காவில் எங்கள் சந்து சரிந்து வந்து என் வாசலில் முடிகிறது. எதிர்வரிசையில், சற்று மேலே, முன்பு வெறும் மண்மனை கிடந்தது. பெய்கிற மழையை அதுவே குடித்துவிடும். மனைக்குச் சொந்தக்காரர் சௌத்ரி அங்கே நாலு மாடி எழுப்பி, ஒரு கைப்பிடி மண் மிச்சமில்லாமல் சிமெண்ட் பூசினார். வரைபடம் நான் போட்டது. டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், கை சும்மா இருக்காது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்குவதற்கு முன்பக்கம் ஆழமாக ஒரு மழைநீர்க் குழி காட்டியிருந்தேன். குழியைத் தோண்டிய சௌத்ரி, அதற்குக் கூரையும் படியும் கதவும் வைத்து வாடகைக்கு விட்டுவிட்டார். கேட்டால், "அரே சாப், தண்ணிதானே, எங்கியாவது போயிடும்" என்று தமிழில் பேசிக் காட்டிச் சிரித்தார்.

போய்ச் சேர்ந்த இடம் என் வீடு. என் மனைவி ராஜி பக்கவாதத்தில் படுத்தவள். போன வருஷம் சாக்கடை கலந்த தண்ணீர் அவள் மெத்தையைத் தொட்டபோது நான் மருந்துக் கடையில் இருந்தேன். திரும்பி வந்தபோது வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கும் தெம்பு எனக்கில்லை சார். ஏறாத அலுவலகம் இல்லை. மழைக்காலம் முடியும்வரை அவளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக எங்கள் மாடி வீட்டுச் செந்தில்குமார் சொன்னார். பிறத்தியார் தயவு நமக்கு எதற்கு?

சௌத்ரி வாடகைக்கு விட்ட அந்தக் கீழறையில் பூங்கோதை இருந்தாள். பரீட்சைக்குப் படிக்க வந்த திண்டுக்கல் பெண். காலையில் வந்து ராஜிக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாள். நல்ல பெண்.

அன்று மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. அவளுடைய படிகளுக்குக் கீழ்ப்பக்கமாக, சந்தின் குறுக்கே, சுவருக்குச் சுவர் மூட்டைகளை அடுக்கினேன். என் வாசல் தப்பித்தது. தேங்கிய தண்ணீர் அவள் படிகளில் இறங்கியது. அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. தண்ணீர் நின்றால் உள்ளிருந்து தள்ள முடியாது. அது எனக்குத் தெரியும். சந்தை ஒட்டியிருந்த கம்பி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், கதவு திறக்க மாட்டேங்குது. ரெண்டு மூட்டையை மட்டும் நகத்துங்களேன், ப்ளீஸ்."

நகர்த்தினால் அத்தனையும் என் வீட்டுக்கு வந்துவிடும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"பூங்கோதை குரல் மாதிரி இருக்கே. போய்ப் பாருங்க," என்றாள் ராஜி.

"மாடி வீட்டு டிவி."

"கரண்ட்தான் இல்லையே."

பேட்டரி ரேடியோவைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டு முடிவதற்குள் கூப்பிடுவது நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ராஜி என் கையால் சாப்பிடுவதில்லை. தலையைத் தொடவும் விடுவதில்லை. செந்தில்குமாரிடம் சொல்லி உங்களை வரவழைத்தது அவள்தான் என்று தெரியும். கோபமில்லை. அவளுக்காகத்தான் செய்தேன் என்று ஒருநாள் புரிந்துகொள்வாள்.

வாக்குமூலத்தில் அவள் சொன்னது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண் இருந்த அறைக்குள் தண்ணீரைத் திருப்பினேன் என்றிருக்கிறாள். அது அறையே இல்லை சார். என் வரைபடத்தைப் பாருங்கள், அது மழைநீர்க் குழி.